தேய்மானம்

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
இந்த லென்ஸின் உடம்பு அலுமினியம்,
சோவியத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தது.
வெளி வளையத்தை மட்டும் பித்தளையில் கடைகிறேன்.
கறுப்புப் பூசி
ஒரு ஜெர்மன் பெயரைப் பொறிக்கிறேன்.
பிறகு தேய்க்க உட்காருகிறேன்.

செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்தது.
இதற்கு நான்தான் பெற்றுத் தரவேண்டும்.
இரும்பைப் பொன்னாக்குவார்களாம் சிலர்;
எனக்குத் தெரிந்த ரசவாதம்
நேற்றை முந்தாநாளாக்குவது.

உப்புத்தாள் முதல் வாரம் மட்டும்.
மற்றதெல்லாம் கை.
மெட்ரோவில் நின்றபடி, ரொட்டி வரிசையில்,
மேல்கோட்டுப் பைக்குள் திருகிக்கொண்டே இருப்பேன்.
அசிட்டோன் நாற்றம் என்று
மாடிப்படியில் நின்று ஏசுவாள் த்ஸியாலா.
பொய்ப்பல் செய்கிறேன் என்று
அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொள்வேன்.
இவன் படகுப் போட்டிகளைப் படமெடுத்தவன்,
முடிவிலிக் குறியை விட்டு நகர்ந்ததே இல்லை.
இவள் ஒரே குழந்தையை
ஒரு மீட்டர் தூரத்தில்
ஜன்னலோரம்
ஏழு வருடம்.
பித்தளை எங்கே எட்டிப்பார்க்க வேண்டும் என்பதை
அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.
யாரும் பிறந்ததில்லை.

சனிக்கிழமை, திபிலிசியின் காய்ந்த பாலம்.
பழைய லாடா காரின் முன்மூடியில் துணி விரித்து
பதக்கங்கள், ஊசிக்குழல்கள், சரவிளக்குத் துண்டுகள் நடுவே
ஐந்து லென்ஸ்கள்.
காஸல் நகரத்து அன்னெக்ரெட் வந்தாள்,
கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி.
மூடியைக் கழற்றவில்லை.
வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை தேடவில்லை,
தொடர் எண்ணை வாசிக்கவில்லை.
பித்தளை தெரிந்த இடத்தில்
தன் கட்டைவிரலை வைத்தாள்.
கொஞ்சம் இடப்பக்கம் சரித்தாள்.
"பன்னிரண்டாவது" என்றாள்.

அவளுக்கு ரஷ்யன் அரைகுறை, எனக்கு ஜெர்மன் பூஜ்யம்.
புரிந்தது இவ்வளவுதான்:
வியன்னாவில் ஒன்று, பூசானில் ஒன்று,
எங்கே வாங்கினாலும் இந்தச் சரிந்த தடம்.
மூன்றாவதிலேயே தெரிந்துவிட்டதாம், போலி என்று.
நான்காவதிலிருந்து
அதைத்தான் தேடி வாங்குகிறாளாம்.

லேத்தில் சிக்கிய விரல் இது.
தொண்ணூற்றிரண்டு, மின்சாரம் வந்து வந்து போன குளிர்காலம்.
கோணலாகவே ஒட்டியது.
படகுக்காரனுக்கும் அதே கோணல்,
ஜன்னலோரத் தாய்க்கும் அதே.
இத்தனை பேரை உண்டாக்கினேன்,
ஒருவருக்கும் வேறு கை கொடுக்கவில்லை.

சொன்ன விலையைக் கொடுத்தாள்.
பேரம் பேசாதது கொஞ்சம் அவமானமாக இருந்தது.
போகும்போது கை குலுக்கினாள்,
வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகம்.

இப்போது புதிய வளையம் ஒன்று பைக்குள் கிடக்கிறது.
மெட்ரோவில் தொடுகிறேன்.
கட்டைவிரல் எங்கே போகிறது என்று கவனிக்கிறேன்.
கவனித்ததும் அது
போகும் இடம் மறந்து நிற்கிறது.
அடுத்த சனிக்கிழமைக்குள் முடியாது.
த்ஸியாலாவிடம் கொடுத்துப் பார்க்கலாமா,
பொய்ப்பல்லுக்கு என்று சொல்லி?