உனோஸ் ஆயிரத்து இருநூறு

துத்திப்பட்டு ஷூ கம்பெனியில்
ஏ.சி. ஓடும் ஒரே அறை என்னுடையது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோல் வெட்டும் மெஷின்,
இந்தப் பக்கம் என் காதில் ஸ்பானிஷ்.

ஆண்பாலுக்கு முன்னால் 'ஒரு' என்றால் 'உன்'.
முதல் வாரம் முழுக்க
உலகத்தில் பாதியை யாரோ
என் பேரில் எழுதிவைத்த மாதிரி இருந்தது.
உன் லிப்ரோ: ஒரு புத்தகம்.
உன் பெர்ரோ: ஒரு நாய்.
ஷூவுக்கு அவர்கள் வாயில் தப்பாத்தோ.
உன் தப்பாத்தோ? என்று ஹெட்போன் கேட்க
தூக்கத்தில் இருந்த நான்
ஆமாம் சார் என்றேன்.

பூட்ஸ் பெண், அதனால் உனா.
குதிகால் ஆண். அடித்தோல் பெண்.
உயிர் பெண்தான், ஆல்மா,
ஆனாலும் 'உன்' போடு, ஆவுக்கு முன்னால் நாக்கு இடறும் என்றது பாடம்.
இது மட்டும் எனக்குப் புதிதில்லை.
'ஓர் உயிர்' என்பதை 'ஒரு உயிர்' என்றெழுதி
எட்டாம் வகுப்பில் அரை மார்க் விட்டவள்.

பிறகு பன்மை வந்தது.
ஒன்றுக்கு எப்படிப் பன்மை? ஒருக்களா?
உனோஸ், உனாஸ் என்றது.
கற்ற சூட்டில் எல்செ ஊர் நூரியாவுக்கு எழுதினேன்:
உனோஸ் ஆயிரத்து இருநூறு ஜோடி அனுப்பிவிட்டோம்.

(எங்கள் தையல் லைனிலும் நூரியா ஒருத்தி உண்டு,
பேர்ணாம்பட்டு பஸ் லேட்டானால் அவளும் லேட்.)

கன்டெய்னர் வாலாஜா டோல்கேட் தாண்டும்போது
பதில் வந்தது:
சுமாராகவா, கிருபாவதி? சுமார் என்றால் எவ்வளவு?
ஆயிரத்து நூற்றெண்பதா, இருநூற்றிருபதா?

எண்ணுக்கு முன்னால் நின்றால்
உனோஸ் எண்ணாது. குத்துமதிப்பு.
இல்முதீன் பாயை எழுப்பி
பேக்கிங் லிஸ்டை மறுபடி கூட்டினோம்:
நூறு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு.
உனோஸை எடுத்ததும் ஆயிரத்து இருநூறு
ஆயிரத்து இருநூறாகவே நின்றது.

வெட்கமாகத்தான் இருந்தது.
ஒரு அம்பது பேருக்கு பிரியாணி என்று
என் கல்யாணத்துக்கு அப்பா சொன்னபோது
பண்டாரி ஏன் தொண்ணூறுக்கு அரிசி ஊறவைத்தார்
என்று எனக்குத் தெரியாதா?

போன மாசம் வீடு பார்க்கப் போனேன், சான்றோர்குப்பத்தில்.
எத்தனை பேர், என்றார்.
ஒருத்தி, என்றேன்.
அதற்கப்புறம் ஒரு சொல் வரும் என்று
அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

இன்று கூரியரில் சாம்பிள் போகிறது.
எப்போதும் இடது கால் மட்டும்தான்.
உன் தப்பாத்தோ என்று லேபிள் ஒட்டினேன்.
ஒரு ஷூவா, ஏதோ ஒரு ஷூவா,
அந்த மொழியும் சொல்லாது, இந்த மொழியும் சொல்லாது.

வலது கால் என் அலமாரியில்.
அதற்கு 'ஓத்ரோ' என்று பேர், மற்றொன்று.
அதற்கு முன்னால் உன் போடக் கூடாது,
எல்லாரும் செய்யும் தப்பு அதுதான், என்றது பாடம்.
போடவில்லை.
ஓத்ரோ, நாற்பத்தொன்று, காப்பி நிறம்,
என்று எழுதிக் கதவைச் சாத்தினேன்.