காலர் மைக்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி,
பஞ்சர் கடை மாடியில் என் எடிட்டிங் அறை.
ஏசி போட்டால் காதில் இரைச்சல்,
அணைத்தால் கம்ப்யூட்டர் கொதிக்கும்.
இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து
அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக்கு
உயிர் திரும்பிய கதையை
இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து
ஐம்பத்திரண்டு நிமிடமாக
வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஊரை நான் பார்த்ததில்லை.
எந்த பாரில் எந்த நாற்காலி கிறீச்சிடும் என்று தெரியும்.
ஃபிடில்காரர் வில்லைத் தூக்குமுன்
மூக்கை ஒருமுறை உறிஞ்சுவார், அதுவும் தெரியும்.
பெயரில்லாத ஒரு மெட்டை
பெட்ரோல் பங்கில் எவனோ ஒருவனிடம் கற்றதாக
இரண்டு பேர் சொல்கிறார்கள்.
இரண்டும் வேறு வேறு பங்க்.

டைரக்டர் பெயர் கிரோன்யா.
எனக்கு இரவு பதினொன்று அடிக்கையில்
அவள் ஜன்னலில் வெயில் இருக்கும்.
வாய்க்கு வாய் ஒரு சொல் சொல்வாள்,
நான் அதை மறுமலர்ச்சி என்று மாற்றிக்கொள்வேன்.
உதிர்ந்த பூ எந்தக் காம்பில் போய்
மறுபடி உட்கார்ந்தது என்று
தமிழில் இதுவரை யாரும் கேட்கவில்லை போல.

நூற்று நாற்பத்தேழாம் கோப்பில்
பிரீட் மல்வேனி வருகிறாள்.
அறுபத்து மூன்று வயது. கோழி வளர்க்கிறாள்.
பேட்டிக்காக ரப்பர் உறையைக்கூடக் கழற்றவில்லை.
"செத்துப் பிழைத்ததா? யார் சொன்னது?
எங்கள் வீட்டில் அது ஒருநாளும் சாகவில்லை.
செத்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.
ஏழு வயதில் குழலைக் கையில் திணித்தார் அப்பா.
பிசகினால் கொட்டகையில் போட்டுப் பூட்டுவார்.
பத்தொன்பதில் விட்டேன். அதோடு சரி.
எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அது பிடிக்காது."

கிரோன்யா நன்றி சொல்கிறாள்.
கேமரா அணைகிறது. திரை கறுப்பு.
ஒலி மட்டும் ஓடுகிறது.
காலரில் குத்திய மைக்கைக் கழற்ற
ஒருவருக்கும் நினைவில்லை.

கதவு. பூட்ஸ். சேறு.
தீவன வாளியின் பிடி தகரத்தில் தட்டுகிறது.
கோழிகள்.
பிறகு அவள்.
வார்த்தை இல்லாமல், மூடிய வாய்க்குள்,
அந்தப் பெயரில்லாத மெட்டு.
பாரில் எல்லோரும் ஓடிக் கடந்த இடத்தில்
இவள் நின்றாள்.
கோழிக்கு ஒரு பிடி போட்டாள்.
விட்ட இடத்தில் எடுத்தாள்.
நான்கு நிமிடம் பதினொரு வினாடி.

எதிர்வீட்டில் விடிய விடிய போர்வெல் போட்டார்கள்.
எண்ணூறு அடியில் இன்னும் புழுதிதான்.
ஹெட்போனை அழுத்திப் பிடித்து
பதினேழு முறை கேட்டேன்.

"நூற்று நாற்பத்தேழில், பேட்டிக்கு அப்புறம்
ஏதாவது மாட்டியிருக்கிறதா?"
கெட்டவள் இல்லை கிரோன்யா.
சம்பளம் ஒருநாள் பிந்தியதில்லை.
இதைக் கேட்டால் அழுவாள்,
இதுதான் படத்தின் முடிவு என்பாள்.
பிடிக்காது என்று சொன்ன வாயை
அதே தொண்டையை வைத்தே அடைத்துவிடலாம்.
கறுப்புத் திரையில் பெயர்கள் மேலேற
அரங்கம் எழுந்து நின்று கைதட்டும்.
நானும் தட்டுவேன். அதுதான் சங்கடம்.

"இங்கே கரண்ட் போய்ப் போய் வந்தது,
அந்தத் துண்டு கெட்டுவிட்டது" என்றேன்.
பெங்களூரு மின்சாரத்தின் மேல்
எந்தப் பழியைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"அப்படியானால் பேட்டியையும் எடுத்துவிடலாமே,
படத்துக்கே எதிராகப் பேசுகிறாள்."
இருக்கட்டும் என்றேன்.
மூன்று இரவு சண்டை.
முப்பத்தெட்டாம் நிமிடத்தில்
ரப்பர் உறையோடு இருக்கிறாள்.

அந்த ஒலியை அழிக்கவில்லை.
அழிக்க நான் யார்?
வைத்திருக்க மட்டும் யார் என்று கேட்காதீர்கள்.
'இரைச்சல்' என்று பெயர் மாற்றி
வாடகை ரசீதுகளுக்குள் போட்டிருக்கிறேன்.

நேற்று ஹென்னூர் சிக்னலில்
ஆட்டோக்காரர் கண்ணாடி வழியே
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
என் வாய்க்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
சட்டென்று நிறுத்திவிட்டு
காலரைத் தடவிப் பார்த்தேன்.