எட்டே முக்கால்

பிப்ரவரி பிறந்தால் செவ்வாய்க்கிழமைதோறும்
அஸ்டோரியா நூலகத்தின் நிலவறையில்
மடக்கு மேசை விரித்து உட்காருவேன்.
வரிப் படிவம் நிரப்பித் தருவேன், காசு வாங்குவதில்லை.
காபி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம்
கூழோடு கிடந்த எல்மர் நிஸ்கலா கேட்கிறார்:
"வரியில்லாமல் சேர்த்த பணம்தானே இது?"
இல்லாமல் இல்லை எல்மர்,
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று
தள்ளி வைத்தீர்கள்.
பிறகு வந்துவிட்டது.
எழுபத்து மூன்றுக்கு மேல்
வேண்டாமென்றாலும் வருஷா வருஷம் எடுத்தாக வேண்டும்.
எடுத்தால் மத்திய அரசு ஒரு கை நீட்டும்,
ஓரிகன் இன்னொரு கை.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டுமுன்
நூற்றுக்கு எட்டே முக்கால்.

என் தம்பி ரெய்னோ
இதைக் கேட்ட மாதமே ஆற்றைக் கடந்தான்.
கொலம்பியா இங்கே நாலு மைல் அகலம்.
எதிரே வாஷிங்டன் மாநிலம்,
சேமிப்பை எடுத்தால் அங்கே ஒரு சதம் கேட்பதில்லை.
அக்கரை பச்சை என்று
அவனுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை,
பாலத்துக்கே பச்சைப் பெயின்ட்.

ஓட்டுநர் உரிமம், வாக்குச்சீட்டு,
நாயின் தடுப்பூசி அட்டைவரை மாற்றினான்.
ஆனால் டயர் வாங்க இங்கே வருவான்,
ரம்பம் வாங்க, ரப்பர் பூட்ஸ் வாங்க.
ஓரிகனில் விற்பனை வரி கிடையாதே.
தூக்கம் அங்கே, விழிப்பு இங்கே.

சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு.
எங்கள் பக்கம் கழித்த நாளுக்கு ஒரு கோடு.
இருநூறைத் தாண்டக் கூடாது என்று
படகுத்துறையில் எவனோ சொன்னானாம்.
"இங்கே உனக்கு வீடு இருந்தால்தானே அந்தக் கணக்கு?"
என்றேன்.
தலையாட்டினான். கோடு போடுவதை விடவில்லை.
என் மாடியறைச் சாவி அவனிடம் இருப்பதை
நானும் பேசவில்லை,
அவனும் பேசவில்லை.

நவம்பரில், கடல்சிங்கங்கள் நனைத்துப் போட்ட பலகையில்
வழுக்கி விழுந்தான்.
இடுப்பெலும்பு.
பெரிய ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்தான்.
மயக்கம் தெளிந்து அவன் கேட்ட முதல் கேள்வி:
"கெர்ட்டு,
நினைவில்லாமல் கிடந்த நாள்
சேர்த்தியா?"
நான் சிரித்த சிரிப்பில்
அழுகிறேன் என்று நினைத்து
நர்ஸ் காகிதக் கைக்குட்டை கொண்டுவந்தாள்.

பதினோரு நாள் அவனுக்காக நானே கோடு போட்டேன்.
பிறகு மாடி ஏற முடியாதென்று
என் முன்னறையில் கட்டில் போட்டோம்.
நாயும் வந்தது, பழைய அட்டையோடு.

இன்று எல்மர் எழுந்துபோன நாற்காலியில்
ஊன்றுகோலோடு ரெய்னோ.
டிசம்பரில் எடுத்தது ஒன்பதாயிரத்து அறுநூறு.
படிவத்தில் ஒரு கட்டம்:
ஓரிகனில் குடியேறிய தேதி.
ஜனவரி என்று எழுதினால் ஒன்றுமில்லை.
நவம்பர் என்று எழுதினால்
எண்ணூற்று நாற்பது டாலர்.

பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன்.
எத்தனை பேருக்கு இந்த மேசையில்
"உள்ளதை எழுதுங்கள்" என்றிருப்பேன்.
தம்பி என் முகத்தைப் பார்க்காமல்
காபி மூடியைத் திறக்கப் பாடுபடுகிறான்.

"அந்தக் குறிப்பேட்டைக் கொடு."
கொடுத்தான்.
பக்கம் பக்கமாகக் கோடுகள்,
நடுவில் என் கைக்கோணலில் பதினொன்று,
அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.
வீட்டுக்கு வந்தபின் அவன் எண்ணவேயில்லை.

கோடு நின்ற தேதியை
கட்டத்தில் எழுதினேன்.

"எண்ணூற்று நாற்பதா?"
என்றான், மூடி திறந்துகொண்டது.
"பாலத்தில் போய்வந்த பெட்ரோலே
அதற்கு மேல் இருக்கும்."
எனக்கும் ஒரு மடக்கு ஊற்றினான்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.