மூன்றரை

கடைத் தராசில் மாத்திரையை வைத்துப் பார்த்தேன்.
முறுக்குப் பொட்டலம் நிறுக்கிற தராசு;
ஐந்து கிராம் கூடினாலும் சௌந்தரம் அக்கா
ஒரு விள்ளல் ஒடித்து எடுத்துவிடுகிற தராசு.
சுழியம் காட்டியது.
எடையே இல்லாத ஒன்று
பத்து மாதத்தில் என்மேல்
பதினொரு கிலோவை ஏற்றி வைத்திருக்கிறது.

நாலு மில்லி போட்ட காலத்தில்
எண்ணெய்ச் சட்டி வெறும் எண்ணெய்ச் சட்டி.
மின்விசிறி என் பெயரை விட்டுவிட்டது.
சோற்றில் எதுவும் கலக்கவில்லையென்று
தங்கை சத்தியம் செய்ய வேண்டியிருக்கவில்லை.
கருங்கல் மாதிரித் தூக்கம்.
விடிந்தால் தலையணையில் எச்சில்.
வலது கை மட்டும்
வேறு யாருடையதோ போல நடுங்கியது.

ஐந்து சுற்றுப் போகவேண்டிய மாவு
மூன்றாம் சுற்றில் அறுந்து விழும்.
பொட்டலம் ஒட்ட உட்காரவைத்தார்கள்.
கூலியில் நூறு குறைந்தது.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

காரைக்குடி பெரியாஸ்பத்திரி, வியாழக்கிழமை,
நாற்பத்து மூன்றாவது டோக்கன்.
டாக்டர் மும்தாஜ் என் கையை நீட்டச் சொல்லி
விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார்.
தாள் படபடத்தது.
"மூணு பார்ப்போம்.
ஏதாவது கேட்டா மறைக்கக் கூடாது."

ஒன்பதாம் நாள் கை வந்துவிட்டது.
கானாடுகாத்தான் கல்யாணத்துக்கு
நூற்றியொரு முறுக்கு, இழை அறாமல்.
அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.
உடனே பயந்தேன்:
"காரணமின்றிச் சிரிக்கிறார்" என்று
என் கேஸ் தாளில் முன்பே எழுதியிருக்கிறது.

பதினான்காம் நாள் மதியம்
மாவு விழுந்த சீறலுக்குள்ளிருந்து
அடுத்த அறையில் பேசுவது போல, தாழ்வாக,
"இவளா" என்றது.
அவ்வளவுதான். ஒரே சொல்.
கரண்டி நின்றதை அக்கா பார்த்தாள்.
எண்ணெய் சூடு போதலை என்றேன்.

தங்கை நாலுக்கே போகச் சொல்கிறாள்.
முறுக்குச் சுத்தாட்டி என்ன, குடியா முழுகிரும்?
கோட்டையூர்ப் பக்கம் ஒரு ராத்திரி
தண்டவாளத்திலிருந்து என் தலைமுடியைப் பற்றி
இழுத்து வந்தவள் அவள்.
அவள் கணக்கில் என் கைக்கு எடை கிடையாது.
அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
ஆனால் அந்தக் கையைத்தான்
தினமும் மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தது நான்.

அடுத்த வியாழன் டாக்டரிடம் சொன்னேன்.
என் வாயால் சொன்னபோது
"இவளா" கொஞ்சம் சின்னதாக இருந்தது.
அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு
மூன்றரை என்று எழுதினார்.
அரை மாத்திரை தனியாக வராதாம்,
ஒரு மில்லியை வெட்டிக்கொள்ள வேண்டுமாம்.

ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை மாத்திரை.

ப்ளேடு எப்போதும் கோணலாகவே போகிறது.
ஒரு துண்டு பெரிது, ஒன்று சிறிது, நடுவில் தூள்.
இன்றைக்குப் பெரியது.
நாளை சட்டிமுன் நிற்கும்போது சிறியது.
தூளை விரலில் ஒற்றி
நாக்கில் வைத்துக்கொள்கிறேன்.
எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று
இன்னும் கேட்கவில்லை.