நாற்பத்தொன்று

மற்ற ஆறு கன்றுகளுக்கும் காயடித்தாயிற்று.
இவன் முறை வந்தபோது
அபரீசியோ கத்தியை மடக்கிவிட்டு
என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார்.

இவன் தாய் ஒன்பது ஈற்று கண்டவள்.
ஒரு கன்றுக்கும் எங்களைக் கயிறெடுக்க வைத்ததில்லை.
தாக்குவாரெம்போ முழுக்கப் புல் கருகிய வருடத்திலும்
மடி வற்றாதவள்.

இரண்டு வயதில் மருத்துவர் வந்து
விதைப்பையில் டேப்பைச் சுற்றினார்:
முப்பத்தேழு சென்டிமீட்டர்.
முன்னங்கால் தடத்திலேயே பின்னங்கால் விழுகிறது.
நாயைக் கண்டால் முறைப்பான், பாயமாட்டான்.
முதுகு சற்றுத் தாழ்வு.
அதையும் எழுதுங்கள் என்றேன்,
ஏலத்தில் ஒருவரும் சொல்லாததை
வீட்டிலாவது சொல்லிக்கொள்வோம்.

இருபத்தாறு பசுக்கள்.
அதில் ஒருத்தி தாய், மூவர் அக்காமார்.
நால்வரையும் ஓடைக்கு அப்பால்
இர்மாவின் காளையிடம் அனுப்பினேன்.
அவளுடைய நாலு இங்கே வந்தன.
கணக்கு சரி.

முதல் மாலை, வேலிக்கு இந்தப் பக்கம் இவன்,
அந்தப் பக்கம் தாய்.
ஒரே புல்.
நடுவில் ஐந்து கம்பி.

இவன் மகள்கள் பருவத்துக்கு வரும் வருடம்
லாரி வரும்.
பெயர் வைத்துவிடாதே என்றார் அபரீசியோ.
வைக்கவில்லை.

நாற்பத்தொன்று என்றால்
திரும்பிப் பார்க்கிறான்.