வரவு நோட்டு

எனக்கு நீச்சல் தெரியாது.
கையெழுத்து நன்றாக இருக்கும்.
அதனால் பூபதி பரிசலைப் பிடித்தான்,
நோட்டு என்னிடம் வந்தது.
சைசிங் மில்லில் நூல் வரவு எழுதுகிற நோட்டு,
பாதிப் பக்கம் மிச்சம்.
நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர்
என்றிருந்த கடைசி வரிக்குக் கீழே
ஆட்களை எழுதத் தொடங்கினேன்.

மேட்டூரில் ஒன்றே முக்கால் லட்சம் கன அடி.
ஆடியில் கல்யாணம் ஏது?
காலியாய்க் கிடந்த பள்ளிபாளையத்து மண்டபம்
ராத்திரி பத்து மணிக்குள் நிறைந்துவிட்டது.
மேடையில் மணமக்கள் நாற்காலி இரண்டும் அப்படியே.
அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

பெயர். கதவு எண். எத்தனை பேர். என்ன மாத்திரை.
நான்கு கோடு போட்டேன்.
நான்கும் பத்தவில்லை.

ரொட்டி வந்தது, ரொட்டி வந்தது, மறுபடியும் ரொட்டி.
ஜரிகை உதிர்ந்த பட்டுச்சேலை ஒரு மூட்டை.
கேட்காமல் வந்தது அவ்வளவு.
ஒரு பெண் என் காதில் கேட்டதை
நோட்டில் எழுதவில்லை, உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன்.
பியூட்டி பார்லர் செவந்தி
பாலத்தை மூடுவதற்குள் ஈரோடு போய்
செய்தித்தாள் சுற்றிய அட்டைப்பெட்டியோடு திரும்பினாள்.
சாதிக் தன் மீன்கடைப் பெட்டியில் ஐஸ் நிரப்பி
பதினொரு பேரின் இன்சுலினை உள்ளே வைத்தான்.
மூன்று நாளும் அது அயிரை வாசம் அடித்தது.
சர்க்கரை ஏறவில்லை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
உயிர் முதலில், உடைமை பிறகு.
அங்கமுத்து தறிக்குழிக்குள் நின்றார்,
முழங்காலுக்குத் தண்ணீர்.
"பாவு மொதலாளியோடதுங்க.
ஆறு கொண்டுக்கிட்டுப் போனா
கடன் என்ற பேர்லதான் நிக்கும்."
அந்த மனுசனுக்கு
உயிரும் உடைமையும் ஒரே பீமில் சுற்றியிருந்தது.
நாற்பது நிமிடம்.
நாலாயிரம் இழையையும் அறுத்து
பீமைக் கழற்றி
ஆறு பேர் தோளில் தூக்கி அட்டாலியில் ஏற்றினார்கள்.
பிறகுதான் அவர் பரிசலில் ஏறினார்.
அந்த நாற்பது நிமிடத்துக்கு
தாசில்தார் ஆபீசிலிருந்து திட்டு விழுந்தது.
பூபதி போனைக் காதுக்கும் தூரத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு
"சரிங்க, சரிங்க" என்றான்.

அந்த ஆறில் ஒருவன் துக்கிஷியாம்.
ஒடிசாக்காரன், லைன் வீட்டில் இருக்கிறவன்.
அவன் பேரை நான்கு தரம் அடித்து எழுதினேன்.
அவன் பாயும் சட்டியும் ஆற்றோடு போயிருந்தன.
இரண்டு பட்டியல் என்னிடம்:
முன்பக்கத்தில் தங்குகிறவர்கள்,
பின்பக்கத்திலிருந்து வேலை செய்கிறவர்கள்.
அவனை எங்கே எழுத?
யோசித்துக்கொண்டிருந்தபோது மணி மூன்று,
என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
நனைந்த வேட்டியோடு வரிசையில் நின்றார்.
"பேர் சொல்லுங்க," என்றேன்.
பழக்கம்.

விளக்கணைத்தும் யாரும் தூங்கவில்லை.
கொசு என்றார்கள், குழந்தை அழுகை என்றார்கள்.
காரணம் வேறு:
தறிச்சத்தம் இல்லை.
பிறந்ததிலிருந்து கேட்டது
ஊர் முழுக்க ஒரேயடியாய் நின்றால்
தூங்க ஆள் எங்கே பழகுவது?

நாலாம் நாள் தண்ணீர் இறங்கியது.
ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது
'போயிட்டு வர்றேன்' சொல்லக்கூடாது.
முகாமுக்கும் அதுதான் என்று
ஒருவரும் சொல்லித்தரவில்லை.
ஆனாலும் ஒவ்வொருவராய் வந்து
நோட்டுப் பக்கம் பார்த்து, தலையை அசைத்து,
பேசாமல் போனார்கள்.
நானும் 'வாங்கோ' என்று சொல்லாமல்
பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தேன்.
அங்கமுத்து மட்டும் வாய் தவறி
"வர்றனுங்க" என்றுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சேறள்ளியது, பாம்படித்தது, ஆற்றில் போன ரேசன் கார்டுக்கு
அலைந்தது எல்லாம் வேறு நோட்டு.

இந்த வருசமும் ஆடி.
ஒன்று இருபது என்று டிவியில் ஓடும்போதே
மண்டபத்துச் சாவி வாங்கிக் கோடு போட்டேன்,
இந்தத் தரம் ஆறு கோடு.
வாசலில் முதல் ஆள்.
கையில் ஸ்பேனர், இடுப்பில் கத்தரி.

"எழுதிக்குங்க அம்மிணி.
முன்னாலயா பின்னாலயான்னு
நீங்களே பாத்துக்குங்க."