எத்ற தாரு, எத்ற மண்ணு

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
கிளீட்டசின் டயர் கடை.
மேலே நாகர்கோவில் பஸ் போகும்போதெல்லாம்
கொக்கியில் தொங்கும் டியூப்கள் நடுங்கும்.

பின்சக்கரத்தைத் தூக்கி
கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டான்:
"டாக்டரே, எத்ற தாரு, எத்ற மண்ணு?"

நூற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமாம்.
எண்பது தார் இருபது மண் என்றால் ஒரு டயர்.
பாதிக்குப் பாதி என்றால் வேறொன்று.
மண்தான் அதிகமென்றால்
இடைவெளி விட்ட பெரிய கட்டைகள்,
சேற்றைக் கடித்துப் பிடிக்கும்,
தாரில் உறுமும்,
ஐயாயிரம் கிலோமீட்டரில் தீர்ந்துபோகும்.

"மண்ணுதான்" என்றேன், யோசிக்காமல்.

டாக்டர் இல்லை நான். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவள்.
குற்றியாறு, மோதிரமலை, கோதையாற்று லயன் வீடுகள்.
பின்சீட்டில் வாரிட்டுக் கட்டிய நைட்ரஜன் கேன்,
அதன் பனிப்புகைக்குள்
இன்னும் பிறக்காத கன்றுகள்.
ராத்திரி கத்தத் தொடங்கிய பசுவுக்கு
மறுநாள் உச்சிக்குள் போய்ச் சேரவில்லையென்றால்
இன்னும் இருபத்தொரு நாள்.
ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை,
இரண்டிலும் ரப்பர்ச் சருகு சோப்பாகிவிடும் சரிவு.
அங்கே விழுந்து,
முழங்கை கிழிந்து,
முதலில் கேனைத் திறந்து பார்த்தவள் நான்.

கிளீட்டஸ் பழைய டயரில் விரல் வைத்தான்.
"டயருக்க நடுவப் பாருங்க,
சப்பட்டையா தேஞ்சு கெடக்கு.
ஓரத்துல மயிரு கூடப் போகல.
இது மலை ஏறின டயரா?"

இரண்டு வருடம் முன்பு இதே கடையில் மாட்டியது.

தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம்,
குடும்ப நீதிமன்றம்.
மாதம் இரண்டு வாய்தா.
அதற்காகவே கேட்டு வாங்கிய ஃபைல் வேலை,
ஆபீசுக்குப் பஸ்.
மலைக்கு இப்போது ஜெபசிங் போகிறான்.
வண்டி கோர்ட்டுக்கு மட்டும்,
திரும்பும்போது
பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று.

கேன் பின்சீட்டில் இல்லை.
ஒரு வருடத்துக்கு மேலாக இல்லை.

எண்பதுக்கு இருபதை உருட்டிக்கொண்டு வந்தான்.
"இது எடுங்க, சத்தமில்ல, காசும் கொறவு.
பன்னெண்டாயிரம் கண்ண மூடிட்டு ஓடும்."

பக்கவாட்டில் நாலு எண்கள்,
செய்த வாரமும் வருடமும்.
பதினேழாவது வாரம், போன ஏப்ரல்:
கவுன்சிலிங் அறையில் ஃபேன் ஓடாத வாரம்,
அவன் என் வளையலைக் கணக்கில் சேர்த்த வாரம்.
அந்தக் காலையில் எங்கள் சரிவில் வெட்டிய பால்
இதில் இருக்கக்கூடும்.
இருக்காது. எந்த நாட்டு ரப்பரோ.

பன்னிரண்டாயிரத்தை எண்பதால் வகுத்தேன்,
அருமனையிலிருந்து போய்வர எண்பது.

நூற்றைம்பது வாய்தா.

"கட்டை வச்சதப் போடு" என்றேன்.
"ரோட்டுல கத்தும் டாக்டரே."
"கத்தட்டும்."
"மழைத் தாருல பிரேக்கு பதறும்."
"மெதுவாப் போறேன்."
"சீக்கிரம் தேஞ்சிரும்."
"அதுக்குத்தான்."

அவனுக்குப் புரியவில்லை.
லிவரைச் செருகி விளிம்பை நெம்பினான்.
பழையது ஒரு பெருமூச்சோடு கழன்றது.
அதன் வயிற்றில் ஒரு பிடி சிவந்த மண்,
எந்த மலையிலோ ஏறி உட்கார்ந்து,
அத்தனை வாய்தாவுக்கும் கூடவே வந்திருக்கிறது.

சோப்புத் தண்ணி, காற்று, டப் டப் என்று இரண்டு வெடிச்சத்தம்.
மாட்டி முடித்து, துணியில் கை துடைத்துச் சொன்னான்:
"புதுசுல எண்ணெ இருக்கும், வழுக்கும்.
ஒரு நூறு கிலோமீட்டரு சாய்க்காம ஓட்டுங்க."

வியாழக்கிழமை வாய்தா,
நேர் ரோடு, போய்வர எண்பது.
பாக்கி இருபதுக்கு
ஜெபசிங்கிடம் கேட்க வேண்டும்,
மேலே எந்தப் பசு கத்துகிறது என்று.